தூரிகையும் துப்பாக்கியும் – 11: முகம் துறந்த ஆண்கள்

1937 ஜூலையில் பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் வெடித்த மோதல் சீனாவுடனான முழுப் போராக விரிந்ததிலிருந்து, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது வரையிலான எட்டு ஆண்டுகளில், அந்நாட்டின் முன்னணி ஓவியர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வகையில் போரை வரைந்தார்கள். அவற்றுள் தரைப்படையும் கடற்படையும் முறைப்படி பணித்து வரையச் செய்த பெரிய தைல வண்ணப் படங்கள் ‘சகுசென் கிரோகுகா’, அதாவது படைநடவடிக்கைப் பதிவு ஓவியங்கள் என்று அழைக்கப்பட்டன. படைத்துறையும் ஓவியர் சங்கங்களும் கைகோத்த நிர்வாக வரலாறு இத்தொடரின் முந்தைய பகுதியில் சொல்லப்பட்டது. இப்பகுதி அப்படங்களுக்குள்ளேயே நுழைந்து, அவை எத்தகைய ஆணை வரைந்தன, எந்த ஆணை வரைய மறுத்தன என்று பார்க்கிறது.

போர் ஓவியம் என்றதும் ஐரோப்பிய மரபில் பழகிய கண் ஒரு தனிவீரனைத் தேடும். குதிரைமேல் வாளுயர்த்திய தளபதியையோ, திரண்ட தோளும் திறந்த மார்புமாகக் கொடியேந்தி நிற்கும் இளைஞனையோ எதிர்பார்க்கும். ஜப்பானியப் படங்களில் அந்த உருவம் அரிது. சீருடைக்குள் மறைந்த உடல்கள், தலைக்கவசத்தின் நிழலில் விழுந்த முகங்கள், நிலத்தோடு ஒட்டித் தவழும் கூட்டங்கள் ஆகியவையே அங்கே மிகுதி. தன் பெயரையும் முகத்தையும் உடலையும் படிப்படியாகத் துறப்பவனே முழு ஆண் என்ற கருத்து இப்படங்களின் அடியில் ஓடுகிறது. அது ஒரே நாளில் வந்த கருத்தன்று. அரை நூற்றாண்டுக்கு முந்தைய போர்ப்படங்களில் நிலைமை நேர்மாறாக இருந்தது.

மெய்ஜி அரசு 1873இல் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவரும் வரை ஆயுதம் ஏந்துவது சாமுராய் குலத்தாரின் உரிமையாக இருந்தது. அந்த ஆணைக்குப் பின் உழவர் மகனும் வணிகர் மகனும் இருபது வயதில் உடற்தகுதித் தேர்வுக்கு நிற்க வேண்டியவர்கள் ஆனார்கள். அத்தேர்வில் முதல் தரம் பெறுவதே ஊர்நடுவே ஓர் இளைஞன் ஆணாகிவிட்டதற்கான சான்றாக நாளடைவில் மாறிற்று. 1894–95இல் சீனாவுடன் நடந்த முதல் போரின்போது டோக்கியோவின் மரச்செதுக்கு அச்சுப்பட வியாபாரிகள் போர்க்காட்சிகளை மூன்று தாள் அகலத்துக்கு அச்சிட்டு விற்றுத் தள்ளினார்கள். கொபயாஷி கியோசிகா, மிசுனோ தோஷிகட்டா போன்றவர்கள் வரைந்த அப்படங்களில் ஜப்பானிய வீரன் நெடிது உயர்ந்தவன், வெளிர்நிறத்தவன், முறுக்கிய மீசைக்காரன், மேற்கத்தியச் சீருடையில் விறைத்து நிற்பவன். எதிரே சீன வீரன் பளிச்சிடும் பழைய ஆடையும் பின்னிய சடையுமாக நிலைகுலைந்து ஓடுபவன். பியோங்யாங் கோட்டைவாயிலில் ஏறிக் குதித்த ஹராதா ஜூகிச்சி போன்ற சாதாரணச் சிப்பாய்கள் பெயரோடும் முகத்தோடும் வரையப்பட்டு ஒரே மாதத்தில் நாடறிந்தவர்கள் ஆனார்கள். நாகரிகம் அடைந்துவிட்ட நாடு என்று உலகுக்குச் சொல்லிக்கொள்ள ஜப்பானுக்கு அன்று ஐரோப்பியச் சாயல் கொண்ட ஆண்முகம் தேவைப்பட்டது.

திருப்பம் 1932இல் தெரிகிறது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஷாங்காய் அருகே முள்கம்பி வேலியைத் தகர்க்க வெடிகுழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிய மூன்று பொறியாளர் படைச் சிப்பாய்கள் வெடித்துச் சிதறியபோது, பத்திரிகைகள் அவர்களை ‘மூன்று மனித வெடிகுண்டு வீரர்கள்’ என்று கொண்டாடின. நாடகம், திரைப்படம், பாடல், சிலை எல்லாம் வந்தன. மூவருக்கும் பெயர் இருந்தது. ஆனால் மூவரும் ஒரே குழாயைத் தாங்கிய ஒரே உருவமாகவே மக்கள் மனத்தில் பதிந்தார்கள். வென்று திரும்புகிறவனைவிட வெடித்து மறைகிறவன் உயர்ந்தவன் என்ற வரிசைமுறை அப்போதே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

அக்கால ஓவிய உலகம் இரண்டு பெரும் முகாம்களாகப் பிரிந்திருந்தது. மேற்கத்தியத் தைல வண்ணமுறை ‘யோகா’ என்றும், பட்டிலும் தாளிலும் கனிம வண்ணங்களால் தீட்டும் உள்நாட்டுமுறை ‘நிஹோங்கா’ என்றும் வழங்கின. முன்னதற்கு நம்மூர் யோகாசனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. படைத்துறை தன் பதிவுப் படங்களுக்குப் பெரும்பாலும் யோகா ஓவியர்களையே நாடியது. ஒளிநிழல், உடற்கூறு, ஆழம் ஆகியவற்றைக் காட்டி, நடந்தது நடந்தபடி என்ற நம்பிக்கையைப் பார்வையாளரிடம் ஊட்டத் தைல வண்ணமே ஏற்றது என்று கருதப்பட்டது. 1938இல் தரைப்படையுடன் செல்லும் ஓவியர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கி, மறு ஆண்டு அது தரைப்படைக் கலைச்சங்கமாக உருமாறியது. நாஞ்சிங்கைப் பிடித்த படைகளின் தளபதி மட்சுய் இவானே அதன் தலைவரானார்.

ஓவியர்கள் இதில் ஆர்வத்தோடு இறங்கியதற்குப் பணம், பயணம், வண்ண ஒதுக்கீடு, தேசப்பற்று, அச்சம் எனப் பல காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ஆண்மை பற்றிய கூச்சத்தையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். நிர்வாணப் பெண்ணையும் பூச்சாடியையும் வரைந்து பாரிஸ் பாணியில் வாழ்பவர்கள், நாட்டுக்கு உதவாத மென்மைக்காரர்கள் என்ற ஏளனம் யோகா ஓவியர்களை நெடுநாளாகத் துரத்திவந்தது. தூரிகையால் நாட்டுக்குத் தொண்டு என்ற அன்றைய முழக்கம் அந்த ஏளனத்திலிருந்து வெளியேறும் வாயிலாக அவர்களுக்குப் பட்டது. சீருடை போன்ற உடுப்பும் கையில் குறிப்பேடுமாகப் போர்முனைக்குப் போய்வந்த ஓவியன், தானும் களம் கண்டவன் என்று தலைநிமிர முடிந்தது.

முதற்கட்டப் படங்களில் இந்தத் தலைநிமிர்வு தெரிகிறது. கோபே நகரத்துக் கொய்சோ ரியோஹேய் 1941இல் முடித்த ‘நியாங்சுகுவான் கணவாயை நோக்கி’ என்ற படம் 260 செ.மீ. உயரம், 193 செ.மீ. அகலம். மூட்டைமுடிச்சுகளைச் சுமந்த சிப்பாய்களும் குதிரைகளும் வட சீனக் கணவாயின் அடியில் திரண்டிருக்கிறார்கள். எதிரி இல்லை, குருதி இல்லை, வேகம்கூட இல்லை. கல்லூரியில் மாடலை நிறுத்திவைத்து வரையும் ஓவியருக்குரிய அமைதியோடு, சீருடையின் மடிப்பையும் தோல்வாரின் இறுக்கத்தையும் கொய்சோ தீட்டியிருக்கிறார். களைப்பைப் பேசாமல் சுமப்பதே இங்கே ஆணின் குணம். இந்தப் படம் பேரரசுக் கலைக்கழகத்தின் பரிசைப் பெற்றது. போருக்குப் பின் கொய்சோவோ தம் போர்ப்படங்களைத் தம் படைப்புத் தொகுப்புகளில் சேர்க்கவே விரும்பவில்லை.

1941 டிசம்பரில் பசிபிக் போர் தொடங்கியதும் வேகம் வந்துசேர்ந்தது. நகமுரா கெனிச்சியின் ‘கோத்தா பாரு’ மலாயாவின் வடகிழக்குக் கரையில் டிசம்பர் 8 அதிகாலையில் நடந்த தரையிறக்கத்தைக் காட்டுகிறது. இருளில், கடற்கரை மணலில், முள்கம்பி வேலிக்கு முன்னால் உடல்கள் ஊர்கின்றன. அன்று அக்கரையைக் காத்து நின்றவை டோக்ரா பிரிவு உள்ளிட்ட பிரிட்டிஷ் இந்தியப் படைகள். ட்சுருட்டா கோரோவின் ‘பாலெம்பாங்கில் இறங்கும் தேவவீரர்கள்’ அதற்கு நேரெதிரான வெளிச்சம் கொண்டது. 1942 பிப்ரவரி 14 அன்று சுமத்ராவின் எண்ணெய் ஆலைகளைக் கைப்பற்ற இறங்கிய பாராசூட் படையை அது வரைகிறது: நீல வானம் முழுக்க வெண்குடைகள் மிதக்க, கீழே புல்வெளியில் முதலில் இறங்கியவர்கள் பதுங்கி முன்னேறுகிறார்கள். விமானத்திலிருந்து குதிப்பதைப் போல் திகிலான செயல் வேறில்லை. ஆயினும் படத்தில் ஒருவருக்கும் வியர்வை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் கண்பார்வையற்ற ரஷ்யக் கவிஞர் எரோஷென்கோவை அத்தனை உள்ளார்ந்த மென்மையோடு வரைந்த அதே கைதான் இந்த மாசுமறுவற்ற வீரர்களையும் வரைந்தது என்பது ஓவிய வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி.

ஷிமிசு தோஷியின் ‘பாலம் அமைக்கும் பொறியாளர் படை’ என்ற 1944ஆம் ஆண்டுப் படம் மலாயாப் போர்க்கள நினைவைக் கொண்டது. நியூயார்க்கில் பயின்று நகரத்துத் தெருக்காட்சிகளை நகைச்சுவையோடு வரைந்த ஷிமிசு, இங்கே ஆற்றுநீரில் இறங்கி மரங்களைத் தூக்கி நிறுத்தும் சிப்பாய்களின் உடலுழைப்பை வரைகிறார். பாலமும் மனிதனும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதே அதன் அழகு என்று அன்று கருதப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தென்கிழக்காசியாவில் ஜப்பானியருக்காகப் பாலம் தாங்கிய உடல்கள் இவர்களுடையவை மட்டுமல்ல. சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை என்பதை அறிந்த வாசகர், உழைப்பைப் போற்றும் இந்தப் படத்தின் முன் சற்றுத் தயங்கியே நிற்க முடியும். ஷிமிசுவின் மகனும் போரில் மாண்டான். ஓவியரும் 1945 டிசம்பரில் இறந்தார்.

முகம் தெளிவாக வரையப்பட்ட படங்களும் உண்டு, அவை தளபதிகளுடையவை. அவற்றுள் புகழ்பெற்றது மியாமொட்டோ சபுரோவின் ‘தளபதிகள் யமஷிதா, பெர்சிவல் சந்திப்பு’. 1942 பிப்ரவரி 15 மாலை, சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை அறையொன்றில், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்த காட்சி அது. பருத்த உடல்கொண்ட ஜப்பானியத் தளபதி யமஷிதா மேசையை ஆட்கொண்டு முன்சாய்கிறார். எதிரே மெலிந்து நெடிந்த பெர்சிவலும் அவருடைய அதிகாரிகளும் ஒடுங்கியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அச்சுப்படங்களில் உயரமும் வெளிர்நிறமும் ஆண்மையின் அடையாளங்களாக இருந்தன என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இந்தப் படத்தின் துணிச்சல் புரியும். இங்கே உயரமானவன் தோற்றவன். குட்டையான, கனத்த, மண்ணில் ஊன்றிய ஆசிய உடலே வென்றது. சரணடைகிறீர்களா, ஆமா இல்லையா என்று யமஷிதா அதட்டிய கதை ஜப்பானில் குழந்தைகளும் அறிந்த கதையானது. உண்மையில் அந்த அதட்டலின் பின்னே பதற்றம் இருந்தது: எண்ணிக்கையில் யமஷிதாவின் படை எதிரியைவிடச் சிறியது, குண்டுகள் தீரும் நிலை, தெருச்சண்டை மூண்டால் தோற்றுவிடுவோம் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். மியாமொட்டோ வரைந்த உறுதி அன்றைய மேசையில் ஒரு நாடகமாக நடிக்கப்பட்ட உறுதி. அப்படி நடிக்கப்பட்டதை அசையாத உண்மையாக உறையவைத்ததில்தான் படத்தின் பிரசார வலிமை இருக்கிறது. 1942 டிசம்பரில் நடந்த முதல் மகா கிழக்காசியப் போர்க் கலைக் கண்காட்சியில் அதன்முன் மக்கள் திரண்டு நின்றார்கள்.

நிஹோங்கா ஓவியர்கள் பீரங்கியையும் புகையையும் அதிகம் தொடவில்லை. அதனால் அவர்கள் போரிலிருந்து விலகி நின்றவர்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை தாராளமானது. அம்முகாமின் மூத்தவரான யொகோயாமா தைகான் 1940இல் மலையும் கடலுமாக இருபது படங்கள் வரைந்து விற்ற 5,00,000 யென்னைப் படைகளுக்குக் கொடுத்தார். அப்பணத்தில் வந்த நான்கு விமானங்களுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கவபட்டா ரியூஷி 1939இல் வரைந்த ‘கோரோஹோ’, ஏழு மீட்டருக்கும் மேல் அகலமான ஒரு பெரும் படம். சீனாவின் லூ மலைமீது பறக்கும் போர்விமானம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிய, மலை விமானத்தின் வழியே காட்சி தருகிறது. விமானிக்கு ரியூஷி தம் முகத்தையே கொடுத்திருக்கிறார். ஐம்பது வயதைக் கடந்த ஓவியருக்குத் தாமே வானில் பறந்து தாக்கும் ஆணாக வேண்டும் என்றிருந்த ஆசையை இதைவிட வெளிப்படையாகச் சொல்லும் படம் அக்காலத்தில் வேறில்லை.

யசுதா யுகிஹிகோவின் ‘கிசெகவா முகாம்’ இவற்றினும் நுட்பமானது. ஆறாறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகள். 1180இல் தைரா குலத்துக்கு எதிராகப் படைதிரட்டிய மினமொட்டோ யொரிதோமோவைத் தேடி, பிறந்தது முதல் பிரிந்தே வளர்ந்த தம்பி யொஷிட்சுனே வந்துசேரும் கணம். 1940இல் தம்பியின் திரையும் மறு ஆண்டு அண்ணனின் திரையும் தீட்டப்பட்டன. பின்னணி வெறும் வெளி, கோடுகள் மயிரிழைபோல் சீரானவை, கவசத்தின் ஒவ்வொரு நூலிழையும் ஆராய்ந்து வரையப்பட்டிருக்கிறது, நிழலே இல்லை. அழைப்பு வரும் முன்பே அண்ணனின் போருக்கு ஓடிவந்த தம்பியின் முகத்தில் பணிவைத் தவிர வேறு உணர்ச்சியும் இல்லை. ஆணுக்கு அழகு அடக்கம், கோடுபோல் நேராக இருத்தல், மேலிருப்பவருக்கு உடனே கீழ்ப்படிதல் என்ற பாடத்தை ஒரு துளி குருதியும் சிந்தாமல் இத்திரைகள் நடத்தின. அந்த அண்ணன்தான் பின்னாளில் இதே தம்பியை வேட்டையாடி, 1189இல் சாகும்படி செய்தான் என்பதைத் திரையின் முன் நின்ற ஒவ்வொரு ஜப்பானியரும் அறிவார்கள். அறிந்தும் அதைப் பற்றி எவரும் பேசாமல் ரசித்தார்கள் என்பதில் அக்காலத்தின் மனநிலையே அடங்கியிருக்கிறது.

யார் ஆண் என்பதைப் போலவே யார் ஆண் அல்ல என்பதையும் அரசு வரையறுத்தது. 1941 ஜனவரியில் போர் அமைச்சர் தோஜோவின் பெயரில் வெளியான படைவீரர் நடத்தை நெறிகள், உயிரோடு சிறைப்படும் இழிவுக்கு ஆளாகாதே என்று கட்டளையிட்டன. அவ்வாண்டு டிசம்பரில் முத்துத் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற ஐந்து குட்டி நீர்மூழ்கிகளில் இருந்தவர்கள் பத்துப் பேர். ஒன்பது பேர் மாண்டு ‘ஒன்பது போர்த்தெய்வங்கள்’ ஆனார்கள். பத்தாமவரான சகமாகி கசுவோ அமெரிக்கரிடம் உயிருடன் சிக்கினார். மாண்டவர்களைப் போற்றி வரையப்பட்ட குழுப்படத்தில் ஒன்பது முகங்களே இடம்பெற்றன. ஒரு நீர்மூழ்கிக்கு இருவர் என்ற கணக்கு இடித்ததைப் பார்வையாளர்கள் கவனித்திருப்பார்கள்; கேள்வி கேட்க முடியாது.

இந்த மரபு முழுவதையும் அதன் உச்சத்துக்கும் முறிவுக்கும் கொண்டுபோனவர் ஃபுஜிதா ட்சுகுஹாரு. 1886இல் படைமருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1913இல் பாரிசுக்குப் போய், நெற்றிமேல் வெட்டிய முடியும் காதில் வளையமும் வட்டக் கண்ணாடியுமாக அந்நகரத்தின் செல்லப் பிள்ளையானவர். பால்வெண்மை மேற்பரப்பில் மெல்லிய கறுப்புக் கோட்டால் பெண்ணுடலையும் பூனையையும் வரைந்து புகழும் பொருளும் சேர்த்தவர். தாயகத்தில் அந்தப் புகழே அவருக்கு எதிராயிற்று. வெளிநாட்டாரை மகிழ்விக்கும் கோமாளி என்றே பலர் பேசினார்கள். 1930களில் நாடு திரும்பிய அவர், போர் முற்றியதும் புகழ்பெற்ற அந்த நெற்றிமுடியைச் சிப்பாய்போல் ஒட்ட வெட்டிக்கொண்டார். ஓவியம் மாறும் முன் ஓவியரின் உடல் மாறியது.

1941இல் வந்த ‘ஹல்ஹா ஆற்றங்கரைப் போர்’ 140 செ.மீ. உயரமும் 448 செ.மீ. அகலமும் கொண்டது. மங்கோலிய எல்லையிலுள்ள நொமொன்ஹானில் 1939இல் சோவியத் படையிடம் ஜப்பான் பட்ட படுதோல்வி அதன் பொருள். ஆனால் படத்தில் கோடைவானம் நீலமாகத் திறந்திருக்க, பச்சைப் புல்வெளியில் ஜப்பானியச் சிப்பாய்கள் எதிரி டாங்கிகள்மேல் ஊர்ந்தேறிக் கைப்பற்றுகிறார்கள். இரும்புக்கு எதிராகத் தசை, எந்திரத்துக்கு எதிராக உளவலிமை என்ற படைத்துறையின் பிரியமான கதைக்கு இதைவிடச் சிறந்த படவிளக்கம் கிடைத்திருக்காது. பிணங்கள் குவிந்த இன்னொரு வடிவத்தையும் ஃபுஜிதா தனியே வரைந்தார் என்று பார்த்தவர்கள் சொன்ன செய்தி உண்டு. அப்படம் இன்று இல்லை.

1943 மே மாதம் அலூஷியன் தீவுகளில் ஒன்றான அட்டுவில், தளபதி யமசாகி யசுயோவின் கீழிருந்த சுமார் 2,600 பேரில், உயிருடன் பிடிபட்டவர்கள் 30 பேர்கூட இல்லை. உதவி அனுப்ப முடியாமல் கைவிட்ட தலைமையகம், ‘கியோகுசை’, அதாவது மாணிக்கம்போல் நொறுங்குதல் என்ற சொல்லால் அந்த அழிவை அறிவித்தது. ஃபுஜிதா அட்டுவைப் பார்த்தவர் அல்லர். அந்த அழிவை அவர் வரைந்த படம் படைத்துறை பணித்து வாங்கியதும் அன்று. 193.5 செ.மீ. உயரமும் 259.5 செ.மீ. அகலமும் கொண்ட சீலையில், பனிமலைகளுக்குக் கீழே, சேறும் துருவும் கலந்த ஒரே பழுப்பு நிறத்தில் உடல்கள் உடல்கள்மேல் அடர்ந்திருக்கின்றன. பல் தெரியக் கத்தும் வாய், நெஞ்சில் இறங்கும் துப்பாக்கிமுனைக் கத்தி, மிதிபட்ட கை. எந்தக் கை எந்த உடலுக்குரியது, செத்தவன் நம்மவனா எதிரியா என்று பிரித்தறிய முடியாது. வலுத்த ஒருவன் மற்றொருவனை வெல்லும் காட்சியாக இதைப் படிக்க இயலவில்லை. கூர்ந்து பார்த்தால் முன்பகுதியின் அடியோரத்தில், பிணங்களுக்கிடையே, சின்னஞ்சிறு பூக்கள் பூத்திருக்கின்றன. லூவர் அருங்காட்சியகத்தில் ஜெரிக்கோவையும் டெலக்ருவாவையும் ஊன்றிக் கற்ற கண் அந்தப் பிணக்குவியலை அடுக்கியிருக்கிறது.

1943 செப்டம்பரில் அது காட்சிக்கு வந்தபோது நடந்ததை யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். முதியவர்கள் படத்தின் முன் மண்டியிட்டுக் கைகூப்பினார்கள், காணிக்கைக் காசு போட்டார்கள் என்று ஃபுஜிதாவே எழுதினார். தம் படத்தைக் கும்பிடும் மக்களைக் கண்டது தமக்கு முதல்முறை என்று அவர் நெகிழ்ந்தார். அந்தக் கும்பிடு எதற்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. சிலர் இதைப் போர்வெறியின் உச்சம் என்கிறார்கள். சிலர் இதில் போரின் கொடுமைக்கு எதிரான மறைமுகக் குரலைக் கேட்கிறார்கள். இரண்டாம் கருத்தை ஏற்பது கடினம். ஃபுஜிதா எங்கும் போரை எதிர்த்தவரல்லர். அந்த மக்களும் எதிர்ப்புக்காகக் கூடியவர்களல்லர். மகனையோ பேரனையோ களத்துக்கு அனுப்பிவிட்டு, உடலும் திரும்பாது என்று அறிந்தவர்களுக்கு, முகம் தெரியாத அந்தக் குவியலே வசதியாயிற்று. அதில் எந்தப் பழுப்பு உடலும் தன் பிள்ளையாக இருக்கலாம். முகம் துறந்த ஆண் வழிபாட்டுக்குரியவனானது இப்படித்தான்.

அதே கண்காட்சிக்கு இனோவே சோசபுரோ அனுப்பிய ‘மிதந்து அலைதல்’ என்ற படம், போரில் சலிப்பூட்டுவதாகச் சொல்லி அகற்றப்பட்டது. கடலில் செயலற்றுக் கிடக்கும் ஆண்களைக் காட்டியதே அதன் குற்றம். ஆயிரம் பேர் கொடூரமாகச் சாகலாம். ஒருவன் சோர்ந்து கிடக்கக்கூடாது. தணிக்கையாளர்கள் இரண்டு படங்களையும் சரியாகவே படித்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஃபுஜிதாவின் கடைசிப் பெரிய போர்ப்படத்தில் ஆண்களே பின்னுக்குத் தள்ளப்படுகிறார்கள். ‘சைபான் தீவில் உறுதி காத்த தோழர்கள்’ 1945 வசந்தத்தில், டோக்கியோ குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த நாட்களில் காட்சிக்கு வந்தது. 1944 ஜூலையில் அத்தீவு வீழ்ந்தபோது குடிமக்கள் பாறைமுகட்டிலிருந்து கடலில் குதித்ததை ஓர் அமெரிக்க இதழ் எழுத, ஜப்பானியப் பத்திரிகைகள் அதைத் தங்கள் பெருமையாக மொழிபெயர்த்து வெளியிட்டன. ஃபுஜிதாவின் காட்சி அந்தச் செய்தியிலிருந்தே பிறந்தது. நடுவில் பெண்கள் கூடியிருக்கிறார்கள். ஒருத்தி தலைவாருகிறாள், வலப்புறம் சிலர் முகட்டிலிருந்து விழுகிறார்கள். ஆண்களோ காயம்பட்டுச் சுற்றிலும் சாய்ந்திருக்கிறார்கள். சாவதைத் தவிர அவர்களால் ஆவது ஒன்றுமில்லை. பெண்ணையும் பிள்ளையையும் காப்பதற்காக ஆண் சாகிறான் என்று போர் தொடங்கியபோது சொல்லப்பட்ட நியாயம் இந்தச் சீலையில் சத்தமின்றிச் சரிந்துவிட்டது.

படைத்துறைக்குப் படம் வரையாத ஓவியர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். மீமெய்யியல் ஓவியர் ஃபுகுசாவா இச்சிரோவும் விமர்சகர் தகிகுச்சி ஷூசோவும் 1941 ஏப்ரலில் கைதானார்கள். வெளியே வந்த ஃபுகுசாவா பின்னர் படைத்துறைக்கே வரைந்தார். அதே ஆண்டு ஜனவரியில் ‘மிசுவே’ என்ற கலை இதழ் படை அதிகாரிகளின் கலந்துரையாடல் ஒன்றை வெளியிட்டது. பணியாத ஓவியருக்கு வண்ண ஒதுக்கீட்டை நிறுத்தினால் போதும் என்ற பேச்சு அதில் வெளிப்படையாக அடிபட்டது. ஏப்ரல் இதழில் அதற்கு மறுப்பெழுதியவர் மட்சுமொட்டோ ஷுன்சுகே என்ற இருபத்தொன்பது வயதுக்காரர். பள்ளிப் பருவத்தில் மூளைக்காய்ச்சலால் செவித்திறனை இழந்து, அதனால் படைச்சேவைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டவர். அரசின் கணக்கில் அவர் பாதி ஆண். 1942இல் அவர் வரைந்த ‘நிற்கும் உருவம்’ அவருடைய தன்னுருவப்படம். தாழ்ந்த அடிவானத்தில் நகர்ப்புறத் தெரு சிறுத்திருக்க, சாதாரண உடுப்பில் ஓர் இளைஞன் வெறுங்கையோடு, நேர்முகமாக, படத்தின் முழு உயரத்துக்கும் நிற்கிறான். முகம் ஒளிக்கப்படவில்லை, ஆயுதம் இல்லை, அருகில் தோழனும் இல்லை. எல்லா ஆண்களும் கூட்டமாகத் தவழ்ந்த ஆண்டில் ஒருவன் தனியாக நிற்பதே எதிர்வாதமாயிற்று. இதை எதிர்ப்பு ஓவியம் என்று கொண்டாடுவது பிற்காலத்து வழக்கம். மட்சுமொட்டோவின் கட்டுரை அரசை எதிர்க்கவில்லை, கலைஞனுக்குரிய இடத்தைத்தான் கேட்டது. அந்த அளவுக்கே அதற்குத் துணிவு வேண்டியிருந்தது.

1943இல் அவரும் இனோவேயும் ஐமிட்சு உள்ளிட்ட நண்பர்களும் சேர்ந்து ‘புதியவர் ஓவியச் சங்கம்’ என்ற எண்மர் குழுவைத் தொடங்கினார்கள். ஐமிட்சு அந்த ஆண்டுகளில் மூன்று தன்னுருவப் படங்களை வரைந்தார். 1944ஆம் ஆண்டுப் படத்தில் அகன்ற மார்பு சீலையை நிறைக்க, தலை நிமிர்ந்து, கண் எங்கோ தொலைவைப் பார்க்கிறது. படைத்துறை விரும்பிய திடமான உடல்தான், ஆனால் அது எந்தப் படையிலும் சேரவில்லை. படத்தை முடித்த ஆண்டிலேயே அவருக்கு அழைப்பாணை வந்தது. 1946 ஜனவரியில், போர் முடிந்து ஐந்து மாதங்களுக்குப் பின், ஷாங்காய் மருத்துவமனையில் நோயுற்று இறந்தார், வயது 38.

ஆண்கள் காலிசெய்த இடத்தில் பெண்கள் வரையப்பட்டதும், பெண்களே தூரிகை எடுத்ததும் தனிக்கதை. கலை வரலாற்றாசிரியர் வகாகுவா மிதோரி 1995இல் வெளியிட்ட ஆய்வு, தாய், செவிலி, தொழிலாளி என்று போர் உண்டாக்கிய பெண் உருவங்களை இனங்காட்டிய பிறகே, ஆண் உருவமும் அவ்வாறே உண்டாக்கப்பட்ட ஒன்று என்ற பார்வை வலுப்பெற்றது. பெண் ஓவியர் தொண்டர்படை 1944இல் கூட்டாக வரைந்த பெரும்படத்தைப் பற்றி அடுத்த பகுதி விரிவாகப் பேசும்.

போர் முடிந்த இரண்டே மாதத்தில் ஓவியர்களின் நாணயம் பற்றிய சண்டை ‘அசாஹி’ நாளிதழில் வெடித்தது. ஃபுஜிதாவும் ட்சுருட்டாவும் தங்களைத் தற்காத்து எழுதினார்கள். போர்க்குற்றச் சாட்டு முழுவதையும் ஃபுஜிதா ஒருவர் தலையில் ஏற்றிவிட்டுச் சக ஓவியர்கள் பலர் நழுவிக்கொண்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1949இல் நாட்டைவிட்டுப் போன அவர் பிரெஞ்சுக் குடிமகனாகி, கத்தோலிக்கராகி, 1968இல் சூரிக் நகரில் இறந்தார், திரும்பி வரவேயில்லை. அமெரிக்கப் படைகள் திரட்டிய 153 போர்ப்படங்கள் 1951இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 1970இல் காலவரையற்ற கடன் என்ற பெயரில் அவை டோக்கியோவிலுள்ள தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1977இல் அவற்றில் ஒரு பகுதியைத் திரளாகக் காட்டத் திட்டமிட்ட கண்காட்சி திறப்புக்குச் சற்றுமுன் கைவிடப்பட்டது. இன்று அங்கே செல்பவர் ஒருமுறைக்குச் சிலவற்றையே சுவரில் காணலாம். 153 படங்களும் ஒருசேர மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டதே இல்லை.